மட்கார்டை வெட்டி அகல டயர்... ரீல்ஸ்ல கெத்து, மழை வந்தா தெரியும் சங்கதி!

போன வருஷம் நவம்பர் மழை. காலையில ஏழு மணிக்கு ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட இருந்து போன். "டேய், என் கார் டிக்கில மீன் வளர்க்கலாம் போலடா!"

நேர்ல போய்ப் பார்த்தா உண்மையிலேயே அப்படித்தான் இருந்துச்சு. மேட்டைத் தூக்கினா, ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்துல ரெண்டு இன்ச் தண்ணி. டிக்கி கதவு ரப்பர் நல்லா இருக்கு. பின் கண்ணாடியில லீக் இல்லை. அப்புறம் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?

அது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஹேட்ச்பேக். வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது. அவன் மயங்கினது இன்ஜினைப் பார்த்தோ, கிலோமீட்டரைப் பார்த்தோ இல்லை. டயரைப் பார்த்து! நாலு பக்கமும் அகலமான அலாய், வீல் ஆர்ச்சை நிறைச்சுக்கிட்டு நிக்கிற டயர், லேசா வெளியே புடைச்ச ஃபெண்டர். "முன்னாடி வச்சிருந்த தம்பிக்கு செம டேஸ்ட்டு சார்"னு புரோக்கர் சொன்னதும், இவன் அட்வான்ஸைக் கையில கொடுத்துட்டான்.

காரை ஒரு டிங்கரிங் ஷெட்டுக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த அண்ணன் பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின ஒரு காந்தத்தை எடுத்தார். கதவுல வச்சார், டப்புனு ஒட்டிக்கிச்சு. அப்படியே பின் சக்கரத்துக்கு மேல கொண்டு போனார். காந்தம் கீழே விழுந்துடுச்சு. "தகடு இல்ல தம்பி, பட்டி. ஒரு விரல் கனத்துக்கு இருக்கும்" என்றார். லைனரைக் கழட்டினதும் முழுக் கதையும் வெளியே வந்துச்சு. ஃபெண்டரோட உள் விளிம்பை கிரைண்டர் போட்டு அறுத்திருக்காங்க. வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்து நிக்கிற இடமே அதுதான். அறுத்ததுல ரெண்டும் வாயைப் பிளந்துட்டு நிக்க, நடுவுல பாத்ரூமுக்குப் பூசுற சிலிக்கானைத் திணிச்சு, மேல பட்டி போட்டு, பெயின்ட் அடிச்சு முடிச்சுட்டாங்க. எட்டு மாசத்துல சிலிக்கான் பெயர்ந்து, சக்கரம் வாரி அடிச்ச தண்ணி நேரா உள்ளே போயிருக்கு. உள்பக்கம் துரு ஏற்கெனவே வேலையை ஆரம்பிச்சாச்சு.

இது என் ஃப்ரெண்டுக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை. இன்ஸ்டாவைத் திறந்து ரெண்டு கார் ரீல்ஸுக்கு லைக் போட்டுப் பாருங்க. மூணாவதுல இருந்து வரிசையா வர்றது எல்லாம் அகல டயர் வண்டிங்கதான். அந்த வண்டிகள்ல பாதிக்கு மேல ஃபெண்டர்ல ஏதோ ஒரு வேலை நடந்திருக்கும். அது யார் செஞ்சது, எப்படிச் செஞ்சது, யார் செக் பண்ணினாங்கன்னு கேட்டா பதில் வராது. செக் பண்ண இந்தியாவில் ஆளே கிடையாது என்பதுதான் விஷயம்.

45 மில்லிமீட்டர் கணக்கு

முதல்ல, ஃபெண்டரில் கைவைக்க வேண்டிய நிலைமை ஏன் வருதுன்னு பார்ப்போம். அலாய் வாங்குறப்போ எல்லாரும் டிசைன் பார்ப்பாங்க, இன்ச் பார்ப்பாங்க. ஆஃப்செட்னு ஒண்ணு இருக்கு, அதை முக்கால்வாசி பேர் பார்க்கிறதில்லை. வீலோட அகலத்துக்குச் சரியா நடுவுல ஒரு கோடு போட்டுக்கோங்க. அந்தக் கோட்டுக்கும், வீல் ஹப்ல போய் உட்கார்ற முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். இதை மில்லிமீட்டர்ல சொல்வாங்க. சாதாரண கார்கள்ல இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். பழைய வீல் 6 இன்ச் அகலம், ஆஃப்செட் 45. புதுசா வாங்குறது 8 இன்ச் அகலம், ஆஃப்செட் 25. அகலம் 2 இன்ச் கூடுதுன்னா, ஒவ்வொரு பக்கமும் 1 இன்ச், அதாவது 25.4 மி.மீ. இதோட ஆஃப்செட் குறைஞ்ச 20 மி.மீ-யும் வெளிப்பக்கமாச் சேரும். மொத்தத்துல வீலோட வெளி விளிம்பு 45 மி.மீ-க்கு மேல வெளியே வந்துடும். உள்பக்கம் கூடுறது வெறும் 5 மி.மீ. கடையில "ரெண்டு இன்ச்தான் சார் அதிகம்"னு சொல்றதை நம்பி வாங்குறவங்களுக்கு இந்த 45 மி.மீ கணக்கை யாரும் சொல்றதில்லை.

உங்க வண்டியில டயருக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவுல விரல் விட்டுப் பாருங்க. அந்த இடத்துல நாலரை சென்டிமீட்டர் எங்கே போகும்? தனியா ஓட்டுறப்போ ஒண்ணும் தெரியாது. பின்சீட்ல மூணு பேரை ஏத்திக்கிட்டு ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா 'சர்ர்ர்க்'னு ஒரு சத்தம் வரும். டயரோட தோள்பட்டையை ஃபெண்டர் மடிப்பு சீவுற சத்தம் அது. அந்த மடிப்பு கிட்டத்தட்ட கத்தி மாதிரி. ஹைவேயில லோடோட போறப்போ அது திரும்பத் திரும்ப சீவினா டயர் வெடிக்கிற வரைக்கும் கொண்டு போய் விட்டுடும்.

சத்தம் கேட்டதும் நம்ம ஆளுங்க போற இடம் டிங்கரிங் ஷெட்.

ஷெட்ல என்ன நடக்குது?

மூணு கட்டமா வேலை இருக்கு. முதல் கட்டம், ரோலிங். ஃபெண்டரோட உள்பக்கம் இருக்கிற மடிப்பை மேல்நோக்கி மடக்கிப் படுக்க வைக்கிறது. இதுக்குன்னே ஒரு டூல் இருக்கு. வீலைக் கழட்டிட்டு ஹப்ல போல்ட் போட்டு மாட்டுற ஒரு கை, அதோட நுனியில ஒரு உருளை. பெயின்டை ஹீட் கன்னால சூடாக்கிக்கிட்டே, உருளையை முன்னும் பின்னும் ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தணும். பொறுமையான வேலை. சூடு பத்தலைன்னா பெயின்ட் வெடிக்கும், அவசரப்பட்டா தகடு அலை அலையா நெளியும். வெளிநாட்டுல டூல் இல்லாதவங்க டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல பேஸ்பால் மட்டையைச் சொருகி வண்டியை உருட்டுவாங்க. நம்ம ஊர்ல இரும்பு பைப். நியாயமா பார்த்தா இந்த ஐடியாவுக்கு முதல்ல கிரிக்கெட் ஸ்டம்ப்தான் வந்திருக்கணும்!

இரண்டாவது கட்டம், மடக்கினதோட நிறுத்தாம ஃபெண்டரையே வெளியே இழுக்கிறது. மூணாவது, வெட்டுறது. வெட்டின இடத்தை மறைக்க பைபர்லயோ பிளாஸ்டிக்லயோ ஒரு ஓவர்ஃபெண்டரை போல்ட் போட்டு ஒட்டுறது.

இங்கேதான் எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு வித்தியாசம் இருக்கு. பெரும்பாலான கார்கள்ல முன்பக்க ஃபெண்டர், போல்ட் போட்டு மாட்டின தனிப் பாகம். சொதப்பினா கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம். பின்பக்கம் அப்படி இல்லை. அது காரோட உடம்பு. மோனோகாக் பாடியில பின்பக்க குவார்ட்டர் பேனலும் வீல் ஹவுஸிங்கும் ஸ்பாட் வெல்டு போட்டு, சீலன்ட் அடிச்சு ஒண்ணா சேர்த்தது. அந்த விளிம்பை அறுத்தா தையலைப் பிரிச்ச மாதிரி. திரும்ப முறையா வெல்டு பண்ணி, சீலன்ட் போட்டு, துருத் தடுப்பு பிரைமர் அடிச்சா தாங்கும். அதுக்கு நேரமும் காசும் ஆகும். அந்த நேரமும் காசும் மிச்சமாகிற இடத்துலதான் பாத்ரூம் சிலிக்கான் வருது.

தகடு ஒருபக்கம் இருக்க, கண்ணுக்குத் தெரியாத பாதிப்புகளும் உண்டு. வீல் வெளியே தள்ளினா வீல் பேரிங் மேல விழுற நெம்புகோல் விசை கூடும். ஸ்டீயரிங் திரும்புற அச்சுக்கும் டயர் தரையைத் தொடுற புள்ளிக்கும் உள்ள தூரம் மாறும். ரோடு ஓரத்துல தேங்கின தண்ணியில ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கினா, ஸ்டீயரிங் கையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கிறது இதனாலதான். மலிவு விலை ஸ்பேசர் போட்டு இதே வேலையைச் செஞ்சா, போல்ட் எவ்வளவு திருகு பிடிச்சிருக்குன்னு வேற கவலைப்படணும்.

இன்னொருத்தரையும் நாம மறந்துடுறோம். ஃபெண்டரைத் தாண்டி வெளியே நிக்கிற டயர் வாரி அடிக்கிற சேறும் ஜல்லியும் பின்னாடி டூவீலர்ல வர்றவர் முகத்துலதான் விழும். மட்கார்டுக்கு மட்கார்டுன்னு பேர் வந்ததே அதைத் தடுக்கத்தானே!

கம்பெனி பண்ணினா ஓகேவா?

இவ்வளவு சொல்லிட்டு, ஃபெண்டரை அகலமாக்குறதே தப்புன்னு சொல்ல வரலை. கார் உலகத்தோட சில அழகான வண்டிகள் பிறந்ததே அப்படித்தான். 80-களில் பி.எம்.டபிள்யூ-வோட முதல் எம்3 அதுக்கு நல்ல உதாரணம். சாதாரண 3 சீரிஸ் காரோட ஃபெண்டர்களைப் பெட்டி மாதிரி வெளியே தள்ளினாங்க. ஸ்டைலுக்காக மட்டும் இல்லை. குரூப் ஏ ரேஸ்ல ஓடணும்னா 12 மாசத்துல 5,000 கார்களைப் பொதுமக்களுக்குத் தயாரிக்கணும்னு விதி. ரேஸ் காருக்கு அகல வீல் வேணும், அந்த வீலுக்கு இடம் வேணும், அதனால ரோட்டு காருக்கும் அகல ஃபெண்டர் வந்துச்சு.

ஜப்பானில் இது தனிக் கலாசாரம். ஆர்.டபிள்யூ.பி-யோட அகிரா நகாய், போர்ஷே 911-களோட ஃபெண்டரைத் தன் கையாலேயே வெட்டி அகல ஃபெண்டர் பொருத்துறவர். அதைச் செய்ய நாடு நாடாப் போறார். லிபர்ட்டி வாக் கம்பெனி, போல்ட் வெளியே தெரிய ஓவர்ஃபெண்டர் ஒட்டுறதையே ஒரு ஸ்டைலாக்கிடுச்சு. நம்ம ஊர் ரீல்ஸ்ல பார்க்கிற லுக்கோட தாத்தா இவங்கதான்.

இதைவிட சுவாரஸ்யமான உதாரணம் நம்ம ரோட்டுலயே ஓடுது. சுஸுகி ஜிம்னி! ஜப்பானில் சின்ன கார்களுக்கு வரிச் சலுகை தர்ற 'கே' பிரிவுல ஜிம்னியோட அகலம் 1,475 மி.மீ. டயர் 175 செக்‌ஷன். அதே பாடியில, பெரிய இன்ஜினோட வர்ற ஜிம்னி சியராவோட அகலம் 1,645 மி.மீ. டயர் 195 செக்‌ஷன். இடையில இருக்கிற 170 மி.மீ எங்கேருந்து வந்துச்சு? சக்கரங்களை வெளியே தள்ளி, அதை மூட கறுப்பு பிளாஸ்டிக் ஓவர்ஃபெண்டர் ஒட்டினதுல வந்துச்சு. 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியும் அதே 1,645 மி.மீ அகலம், அதே 195/80 ஆர்15 டயர்தான். அதாவது, ஷோரூம்லயே அகல ஃபெண்டரோட வர்ற வண்டி!

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, சுஸுகி சக்கரத்தை வெளியே தள்ளினப்போ அச்சு, பிரேக், பேரிங், ஸ்டீயரிங், மோதல் சோதனைன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்திருக்காங்க. ஷெட்ல சக்கரத்தை மட்டும்தான் பார்த்திருக்காங்க.

ஐயாயிரமா, ஆறு மாசமா?

இப்போ சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்றது இதுதான்: ஆர்.சி-யில் இருக்கிற விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோட முரண்படுற மாதிரி உரிமையாளர் வண்டியை மாத்தக் கூடாது. சி.என்.ஜி மாதிரி எரிபொருள் மாத்துறது, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்தபடி மாத்துறது, அனுமதியோட இன்ஜின் மாத்துறதுன்னு சில விதிவிலக்குகள் உண்டு. 'அகல வீல் போட்டா நல்லாருக்கும்' அந்த லிஸ்ட்ல இல்லை.

கேரளாவில் இருந்து போன ஒரு வழக்குல, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இன்னும் இறுக்கமா வாசிச்சது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புல இருந்து விலகுற மாதிரி எந்த மாற்றமும் செய்ய முடியாதுன்னு சொன்னது. அதே வருஷம் சட்டத் திருத்தத்துல 182ஏ பிரிவு வந்தது. அனுமதி இல்லாம வண்டியை மாத்தின உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். அந்த 'ஒவ்வொரு'வைக் கவனிங்க. வீல் ஒண்ணு, ஃபெண்டர் ஒண்ணு, சைலன்சர் ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிச்சா மீட்டர் ஓடும்.

சும்மா புத்தகத்துல இருக்கிற சட்டம்தானேன்னு நினைக்காதீங்க. 2021 ஆகஸ்ட்ல கேரளாவின் கண்ணூரில் 'இ புல் ஜெட்' யூடியூப் சகோதரர்களோட வேனை மோட்டார் வாகனத் துறை பிடிச்சது, அது தமிழ் ட்ரோல் பேஜ் வரைக்கும் வந்து பெரிய சண்டையானது ஞாபகம் இருக்கலாம். காஷ்மீரில் பெரிய டயர், ஹார்டு டாப், எல்.இ.டி விளக்கெல்லாம் போட்ட ஒரு தார் உரிமையாளருக்கு, ஸ்ரீநகர் டிராஃபிக் கோர்ட் ஆறு மாசம் தண்டனை கொடுத்தது. உள்ளே தள்ளாம, நன்னடத்தைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டு விட்டுட்டாங்க. கூடவே, வண்டியைப் பழையபடி ஆக்கணும்னு உத்தரவு.

ஆனா, நடைமுறையில என்ன நடக்குது? உங்க கார் ஆர்.சி கார்டை எடுத்துப் பாருங்க. கலர் இருக்கும், சீட் எண்ணிக்கை இருக்கும், எடை இருக்கும். டயர் அகலம்? இருக்காது. அப்போ ரோட்டுல நிறுத்துற அதிகாரி எதை வச்சு முடிவு பண்றார்? கண்ணை வச்சுத்தான். ஒருத்தருக்கு 'வெளியே நிக்குது'ன்னு தோணுறது இன்னொருத்தருக்குத் தோணாது. ஒரு மாவட்டத்துல சலான், பக்கத்து மாவட்டத்துல சல்யூட். அலாய் விக்கிற கடைக்காரர் ஜி.எஸ்.டி பில்லோட விக்கிறார். ஷெட்காரர் பில்லே இல்லாம வெட்டுறார். மாட்டுறது ஓனர் மட்டும்.

என் கோபம் இங்கேதான். தடை இருக்கிறதால வெட்டுறது நிக்கலை. யாரும் சரிபார்க்க முடியாத இடத்துக்கு அது நகர்ந்துடுச்சு, அவ்வளவுதான். நல்லா வெல்டு போட்டு, பேரிங் லோடு பார்த்துப் பண்ணினவனும் குற்றவாளி, சிலிக்கான் திணிச்சவனும் குற்றவாளி. ரெண்டுக்கும் ஒரே அபராதம்னா யார் காசு செலவு பண்ணி நல்லா பண்ணுவாங்க?

ஜெர்மனியில் ஒரு ஸ்டாம்ப்

மத்த ஊர்ல எப்படின்னு பார்த்தா, கட்டுப்பாட்டுக்குப் பேர் போன ஜெர்மனியிலேயே வழி இருக்கு. அகல வீல் போடணுமா, போடுங்க. வீலுக்குச் சோதனைச் சான்று இருக்கணும். மாட்டின பிறகு டி.யூ.வி மாதிரி அங்கீகரிக்கப்பட்ட மையத்துல வண்டியைக் காட்டணும். இன்ஜினீயர் சஸ்பென்ஷனை முழுசா அமுக்கிப் பார்ப்பார், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுப் பார்ப்பார், எங்கேயாவது உரசுதான்னு பார்ப்பார். ஐரோப்பிய விதிப்படி, சக்கர மையத்துல இருந்து முன்பக்கம் 30 டிகிரி, பின்பக்கம் 50 டிகிரி வரைக்குமான பகுதியில டயரை ஃபெண்டர் மூடியிருக்கணும். பின்னாடி வர்ற டூவீலர்காரருக்கான விதி அது. எல்லாம் சரின்னா வண்டியோட ஆவணத்துலேயே அந்த வீல் ஏறிடும். போலீஸ் நிறுத்தினா பேப்பரைக் காட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்.

ஜப்பான்ல கணக்கு இன்னும் துல்லியம். வண்டியோட மொத்த அகலம் 2 செ.மீ-க்குள்ள மாறினா பெரிய சடங்கு இல்லை. அதைத் தாண்டி ஓவர்ஃபெண்டர் ஒட்டினா, கட்டமைப்பு மாற்றத்துக்கான தனி சோதனைக்குப் போய் ஆவணத்தை மாத்தணும். 2017-ல் விதியைத் தளர்த்தி, டயரோட பக்கவாட்டு எழுத்துப் புடைப்பு மாதிரியான பகுதி 10 மி.மீ-க்குள்ள வெளியே வந்தா பரவாயில்லைன்னும் சொல்லிட்டாங்க. 10 மி.மீ! அங்கே அதிகாரி கையில ஸ்கேல் இருக்கு. இங்கே கண்ணு மட்டும்தான் இருக்கு.

நம்ம ஊர்ல இதெல்லாம் சாத்தியமான்னா, அடிப்படை ஏற்கெனவே இருக்கு. வாகனங்களைச் சோதிக்க ஏ.ஆர்.ஏ.ஐ மாதிரி அமைப்புகள் இருக்கு. சென்னைக்குப் பக்கத்துல ஒரகடத்துல ஜி.ஏ.ஆர்.சி-ன்னு பெரிய சோதனை மையமே இருக்கு. அலாய் வீலுக்கு இந்தியத் தரநிலை இருக்கு. சி.என்.ஜி கிட்டுக்கு அங்கீகாரம் கொடுத்து, பொருத்துறதுக்கு மையம் அனுமதிச்சு, ஆர்.சி-யில ஏத்துற முறையை நாம ஏற்கெனவே நடத்திக்கிட்டுதான் இருக்கோம். வாயு சிலிண்டரை டிக்கியில வைக்க வழி பண்ணின சிஸ்டத்தால, ஒரு வீலுக்கும் ஃபெண்டருக்கும் வழி பண்ண முடியாதா?

'இந்தியாவுல அனுமதிச்சா காசு கொடுத்து ஸ்டாம்ப் வாங்கிடுவாங்க'ன்னு ஒரு வாதம் உண்டு. எஃப்.சி எப்படி வாங்குறாங்கன்னு பார்த்தவங்களுக்கு அது நியாயமான பயம்தான். ஆனா, ஸ்டாம்ப் இருந்தா, போட்டவர் பேரும் அதுல இருக்கும். இப்போ இருக்கிற நிலைமையில, என் ஃப்ரெண்ட் காரை வெட்டினது யாருன்னு கண்டுபிடிக்கவே முடியலை.

அதுவரைக்கும்?

சட்டம் மாறுற வரைக்கும் அகல டயர் ஆசையை அடக்கிக்கணுமான்னா, முழுசா அடக்க வேண்டாம். ஆனா, ஃபெண்டரைத் தொடாம எவ்வளவு தூரம் போகலாம்னு பாருங்க. ஸ்விஃப்ட்டை எடுத்துக்கோங்க. கீழ் வேரியன்ட்ல 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்ல 185/65 ஆர்15. ரெண்டோட விட்டத்தையும் கணக்குப் போட்டா 619.6 மி.மீ, 621.5 மி.மீ. 20 மி.மீ அகலம் கூடியும் உயரத்துல 2 மி.மீ-கூட வித்தியாசம் இல்லை. கம்பெனியே அதே மாடலுக்குக் கொடுக்கிற அளவு என்பதால உரசாது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கேள்வி கேட்டா பதிலும் இருக்கு. உங்க மாடலோட டாப் வேரியன்ட் அளவுதான் பாதுகாப்பான எல்லை. டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல டயர் அளவும் காற்று அளவும் இருக்கும். டயர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி அதைப் போட்டோ எடுத்துக்கோங்க.

அதையும் தாண்டித்தான் போவேன்னா, அது உங்க ரிஸ்க். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. இன்ஷூரன்ஸ்ல மாற்றங்களைச் சொல்லியே ஆகணும். சொல்லாம விட்டு, விபத்துக்கு அப்புறம் சர்வேயர் வந்து அறுத்த ஃபெண்டரையும் 8 இன்ச் வீலையும் போட்டோ எடுத்தா, க்ளைமை மறுக்க அவங்களுக்குக் காரணம் கையிலேயே கிடைச்சுடும். சொன்னாலும், சட்டப்படி அனுமதி இல்லாத மாற்றத்துக்கு எந்த கம்பெனி கவர் கொடுக்கும்?

பழைய கார் வாங்கப் போறவங்க ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை மெல்லிசு துணியில சுத்தி பாக்கெட்ல வச்சுக்கோங்க. நாலு வீல் ஆர்ச் மேலயும் வச்சுப் பாருங்க. பிளாஸ்டிக் ஃபெண்டர் வர்ற வண்டின்னா இது வேலை செய்யாது, அதை மட்டும் முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க. கையை உள்ளே விட்டு விளிம்பைத் தடவுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் மடிப்பு இருந்து இன்னொரு பக்கம் இல்லைன்னா, நடையைக் கட்டலாம். டிக்கி மேட்டைத் தூக்கிப் பார்க்க கூச்சப்படாதீங்க. புரோக்கர் முறைச்சா முறைக்கட்டும்.

என் ஃப்ரெண்ட் என்ன பண்ணினான்? ரெண்டு பின் விளிம்பையும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டு பண்ணி, சீலன்ட் போட்டு, பெயின்ட் அடிக்க மூணு வாரம் ஆச்சு. கார் வாங்கின காசுல கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதுக்கே போச்சு. பழைய சைஸ் வீல் வாங்கி மாட்டிக்கிட்டான். இப்போ கார் பார்க்க ஒரு சாதாரண ஸ்கூல் வாத்தியார் வண்டி மாதிரி இருக்கு. அவனுக்கு அதுல இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

அகல அலாய் நாலையும் ஆன்லைன்ல விலைக்குப் போட்டான். ஒரே நாள்ல ஒரு காலேஜ் பையன் தாம்பரத்துல இருந்து வந்துட்டான். அவனும் அதே மாடல் கார்தான். இவன் நல்ல மனசோட ஆஃப்செட், உரசல், தண்ணி கதைன்னு எல்லாத்தையும் சொல்லி, டிக்கிக்குள்ள எடுத்த போட்டோவையும் காட்டினான். பையன் தலையை ஆட்டி ஆட்டி எல்லாத்தையும் கேட்டான். வீல்களை ஏத்தி முடிச்சு, கிளம்புறப்போ கண்ணாடியை இறக்கிக் கேட்டான்:

"அண்ணே, இதுக்கு ஃபெண்டர் வெட்டுறதுக்கு நல்ல ஷெட் எதுவும் தெரியுமாண்ணே?"